ஏழு ரவை ரிவோல்வரும் தகர வில்லையும்

துவக்கு என்று சொன்னதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது டெக்ஸ் வில்லர்தான். சிவகாசியிலிருந்து வந்து கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் புத்தகங்களில் நாம் பார்த்த உலகம் அது. தொப்பி, குதிரை, இடுப்பில் தொங்கும் ரிவோல்வர். நமக்கு முந்திய தலைமுறைக்கு அதைக் காட்டியவர் இயக்குநர் கர்ணன். 'காலம் வெல்லும்' 1970இலும் 'கங்கா' 1972இலும் வந்தன. ஜெய்சங்கர் குதிரையில் வந்து இறங்கினால் கொட்டகையே விசிலடிக்கும்.

அந்தப் படங்களில் வருகிற மாதிரியான பழைய அமெரிக்க ரிவோல்வர்களைத் தேடித் தேடிச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். முத்திரை, நாணயம் சேர்ப்பது போல அதுவும் ஒரு பெரிய பழக்கம். இதில் மலையகத்துக்காரருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அந்த ரிவோல்வர்கள் பிறந்த ஆண்டுகளையும் நம்ம சனம் இந்த மலைகளுக்கு வந்துசேர்ந்த ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே காலத்துச் சங்கதி. ஒரு பொருளை எப்படிப் பத்திரப்படுத்துவது, அதன் வரலாற்றை எப்படி நிரூபிப்பது என்பதில் அந்தச் சேகரிப்பாளர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவும் சில விஷயம் உண்டு.

விளிம்பில் அடித்தால் வெடிக்கும்

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம். பழைய துவக்குகளில் மருந்தைக் குழாய் வாய்வழியாகக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். நம்ம ஊர்ப்பக்கம் 'இடியன் துவக்கு' என்கிறோமே, அதேதான். மழை பெய்தால் மருந்து நமத்துப்போகும். இரண்டாம் வெடி வைக்க நேரம் எடுக்கும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது மாறியது. மருந்து, குண்டு, பற்றவைக்கும் ரசாயனம் மூன்றையும் ஒரே உலோகக் குப்பிக்குள் அடைத்தார்கள். பற்றவைக்கும் ரசாயனத்தைக் குப்பியின் அடி விளிம்புக்குள் சுற்றிவரப் பூசினார்கள். துவக்கின் சுத்தி அந்த விளிம்பில் அடிக்கும், விளிம்பு நசுங்கும், வெடிக்கும். இதற்குத்தான் ரிம்ஃபயர் என்று பெயர். 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பனி இந்த ரவைக்காகவே ஒரு சின்ன ரிவோல்வரைச் செய்து விற்றது. 0.22 அங்குல ரவை, ஏழு ரவை கொள்ளளவு. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்.

பின்பக்கமாக ரவை போடுகிற மாதிரி முழுக்கத் துளையிட்ட சுழல் உருளைக்கு ரோலின் வைட் என்பவர் 1855இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு துவக்குக்கு 25 சதம் கொடுத்து அந்த உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1869இல் அது காலாவதியாகும்வரை மற்ற அமெரிக்கக் கம்பனிகளுக்குக் கை கட்டிய நிலைதான். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். கோல்ட் கம்பனியின் புகழ்பெற்ற ரிவோல்வர் 1873இல் வந்தது. அது பெரும்பாலும் நடுவில் அடித்து வெடிக்கும் ரவைக்கானது. ரிம்ஃபயருக்கென்று செய்யப்பட்டவை ஏறக்குறைய 1,900 மட்டுமே. குறைவாக இருப்பதாலேயே சேகரிப்பாளர்கள் அதற்கு உயிரை விடுவார்கள்.

இங்கிலாந்தும் சும்மா இருக்கவில்லை. பர்மிங்ஹாமில் வில்லியம் டிரான்டர் 1860களிலேயே ரிம்ஃபயர் ரிவோல்வர் செய்யத் தொடங்கிவிட்டார். ஆனால் ரிம்ஃபயர் குப்பியின் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு நசுங்காது. மெல்லிய தகடு அதிக அழுத்தம் தாங்காது. வெடித்த குப்பியை மறுபடி நிரப்பவும் முடியாது. அதனால் பெரிய ரிம்ஃபயர் ரவைகள் காலப்போக்கில் சந்தையிலிருந்தே காணாமல் போயின. இன்றைக்கு நிலைத்திருப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன 0.22 வகைதான். ரவை கிடைக்காத பழைய ரிவோல்வர்கள் வாய்மூடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

அதே ஆண்டுகளில் நம்ம மலையில்

இப்போது இந்தப் பக்கம் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் ரிவோல்வர் வந்தபோது இங்கே கோப்பிக் காலம். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் பின்னால் வந்த சனம் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்து விழுந்த காலம். 1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதே ஆண்டு கண்டிக்கு ரயில் வந்தது. அமெரிக்காவில் ரோலின் வைட்டின் காப்புரிமை முடிந்த அதே 1869இல் இங்கே கோப்பி இலையில் பூஞ்சணம் கண்டது. பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி அழிந்தது. தேயிலை ஏறியது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் போனது. கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து திரும்பிப் போனவர்கள், தேயிலைக்கு வருஷம் முழுக்க லயத்திலேயே தங்க வேண்டியதாயிற்று.

இந்த மலைகளுக்கு வெள்ளைக்காரர்களின் துவக்குகள் வந்தது தோட்டங்களுக்கும் முன்பே. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற அதிகாரி பதுளையில் இருந்தார். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாக அவர் பெயரில் கணக்கு இருக்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கல்லறையிலும் இடி விழுந்து கல் பிளந்தது என்று இன்றும் சொல்லுவார்கள். சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, நாயும் துவக்குமாக வேட்டையாடி, 1854இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். இவர்கள் கையில் இருந்தது வாய்வழி மருந்து இடிக்கிற கனத்த துவக்குகள். இவர்களுக்கு முன்னால் காட்டில் தடம் பார்த்து நடந்தவர்கள், பின்னால் அடுத்த துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எல்லாம் உள்ளூர் ஆட்கள். வேட்டைப் புத்தகங்களில் யானையின் தந்தத்துக்கு நீளம் எழுதியிருக்கும். அந்த ஆட்களுக்குப் பெரும்பாலும் பெயர்கூட எழுதியிருக்காது.

துவக்கு வெடிக்கத் தேவையில்லை

தோட்டத்தில் தொரைமாரின் அதிகாரம் துவக்கால் மட்டும் நடந்தது என்று சொன்னால் அது தவறு. அதைவிடப் பலமான ஆயுதம் கடதாசி. துண்டு முறை என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டைத் தொரை கொடுத்தால்தான் அவர் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். அந்தக் கடனை அடைத்துத்தான் புதுத் தொரை ஆளை எடுப்பார். ஆள் மாறினாலும் கடன் கூடவே வரும். 1921இல்தான் சட்டத்தால் இது ஒழிந்தது. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குப் பிறகு, 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வைத்தார்கள். உலகப் பொருளாதாரம் விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. இதற்கு ரவை எதுக்கு?

ஆனாலும் துவக்கு அங்கே இருந்தது. 1900இல் கண்டியை மையமாக வைத்து இலங்கைத் தோட்டக்காரர் ரைஃபிள் படை உருவானது. சேர முடிந்தது ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மட்டும். போயர் யுத்தத்துக்கும் முதலாம் உலக யுத்தத்துக்கும் இங்கிருந்து ஆள் போனது. 1949இல்தான் அந்தப் படை கலைந்தது. காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கிற தொரை, அதே வாரத்தில் சீருடை போட்டுச் சுடப் பழகிவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். பங்களாவில் துவக்கு இருக்கிறது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அது வெடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் வந்த பிறகு, துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் தேவை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்றானது. அனுமதி யாருக்குக் கிடைக்கும்? சொத்துள்ளவர், காணியுள்ளவர், அதிகாரிக்குத் தெரிந்தவர். லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் இருக்கிறவர் அந்த வரிசையில் வரமாட்டார்.

முல்லோயா, 1940

1939 கடைசியில் மலையகம் முழுக்கத் தோட்டங்களில் ஸ்ட்ரைக் அலை எழுந்தது. தொழிற்சங்கம் வைக்கிற உரிமை, சம்பள உயர்வு இரண்டும்தான் கேட்டார்கள். ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்களின் சங்கம் முன்னால் நின்றது. 1940 ஜனவரி 10ஆம் திகதி அங்கே பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். டெய்லர் முதல் தேயிலையை நட்ட அதே ஹேவாஹெட்டப் பக்கத்தில், 73 வருஷம் கழித்து. மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று கோவிந்தனைத்தான் சொல்கிறோம். ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாத பகுதி. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகி, பொலிஸ் சாட்சிகளைக் குறுக்குக் கேள்வியால் பிய்த்தெடுத்தார். கைதான தொழிலாளர்களின் வழக்கை, ஆணைக்குழு முடியும்வரை தள்ளிவையுங்கள் என்று உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக பொலிஸ் மாஅதிபருக்குச் சொன்னார். மாஅதிபர் கேட்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் மாஅதிபர் பக்கம் நின்றார். அமைச்சர்கள் கூட்டாக ராஜினாமா செய்தார்கள், பிறகுதான் சமரசமாகித் திரும்பினார்கள். ஒரு தோட்டத் தொழிலாளியின் மேல் பாய்ந்த ரவை, 'இந்த நாட்டில் பொலிஸின் துவக்கு யாருக்குக் கட்டுப்பட்டது?' என்ற கேள்வியைக் கொழும்பில் நடுக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தது.

அதே 1940இல் ஊவாவில் வேவெஸ்ஸ தோட்டத்தில் இன்னொன்று நடந்தது. தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே நடப்பேன் என்று தொரை ஒப்புக்கொண்டார். 'ஒழுங்கை நிலைநாட்ட' ஆயுதத்தோடு வந்த பொலிஸ் குழுவிடமிருந்து தொழிலாளர்கள் துவக்குகளைப் பறித்துக்கொண்டார்கள். ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கவ்வாத்துக் கத்தியும் கூடையும் தவிர வேறெதையும் வைத்திருக்க அனுமதி இல்லாத கைகள் அவை. டெக்ஸ் வில்லர் கதையில் வந்தால் நாம் பக்கத்தை மடித்து வைத்திருப்போம். நம்ம கதை என்பதால் நமக்கே தெரியாமல் போயிற்று.

பலாத்காரம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1941இல் ஸ்டெல்லன்பர்க் தோட்டத்துத் தொரை போப் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தொழிலாளர் இருவர் தூக்கில் போடப்பட்டார்கள். தொரை செத்தால் தூக்குக் கயிறு, தொழிலாளி செத்தால் ஆணைக்குழு. அந்தக் காலத்து நீதி இரண்டு உயிருக்கும் ஒரே விலை போடவில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது. 1948இல் குடியுரிமை போனது. துவக்கு நிற்கவில்லை. 1956இல் டயகமத் தோட்டப் போராட்டத்தில் ஏபிரகாம் சிங்கோ என்ற சிங்களத் தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். தமிழ்த் தொழிலாளரோடு ஒன்றாக நின்று செத்தவர். நம்ம தியாகிகள் பட்டியலில் அவர் பெயரும் உண்டு என்பதில் நாம் பெருமைப்படலாம். 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார்.

யார் எதைச் சேர்த்து வைத்தார்கள்?

மறுபடி சேகரிப்பாளர்களிடம் வருவோம். பழைய ரிவோல்வர் வாங்குகிற ஒருவர் முதலில் பார்ப்பது அழகை அல்ல. தொடரிலக்கம். சட்டத்திலும் உருளையிலும் ஒரே எண் இருக்கிறதா? பிறகு கம்பனியின் பழைய ஏடுகளிலிருந்து ஒரு கடிதம் வாங்குவார். இந்த எண்ணுள்ள ரிவோல்வர் எந்தத் திகதியில், எந்தக் கடைக்கு அனுப்பப்பட்டது என்று அதில் இருக்கும். யார் யார் கைமாறியது என்பதற்கு ஆதாரம் இருந்தால் விலை ஏறும். இன்னொரு விதியும் உண்டு. பழைய கறையைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. பொலிஷ் போட்டால் மதிப்பு போச்சு. காலம் பதித்த நிறம்தான் அது உண்மையானது என்பதற்குச் சாட்சி.

இந்த இரண்டு விதியையும் நம்ம மலைக்குப் போட்டுப் பாருங்கள்.

நம்ம சனத்துக்கும் எண் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். எந்தத் தோட்டம், எந்த ஆள் என்று குறிக்கிற எண்கள் அதில் அடித்திருக்கும். வழியில் யாரும் தடுத்தால் அதைக் காட்ட வேண்டும். போய்ச் சேர வேண்டிய சாமானுக்கு லேபல் ஒட்டுகிற மாதிரி. மசசூசெட்ஸில் செய்த ஒரு ரிவோல்வரின் எண்ணைச் சொன்னால் அது 150 வருஷத்துக்கு முன்பு எங்கே போனது என்று இன்றும் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் பாட்டனின் பாட்டன் கழுத்தில் தொங்கிய வில்லையின் எண் உங்களுக்குத் தெரியுமா? எந்த வீட்டில் அந்த வில்லை இருக்கிறது? மதிப்பில்லாத தகரம் என்று குப்பையில் போயிருக்கும்.

பளபளப்பு விஷயமும் அப்படியே. நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. அதன் சுவர்களில் இன்றும் வேட்டையாடிய மிருகங்களின் தலைகள் தொங்குகின்றன. பழைய தொரை பங்களாக்கள் பல இன்று ஹோட்டல்கள். மர அலுமாரி, வெள்ளிக் கரண்டி, கருப்பு வெள்ளைப் படம், 'கொலோனியல் காலத்து அழகு' என்று விளம்பரம். எல்லாம் நன்றாகத் துடைத்து மெழுகு போட்டது. அந்தக் காலம் அழகாகத்தான் இருந்தது, பங்களாவிலிருந்து பார்த்தால். சேகரிப்பாளர் மொழியில் சொன்னால் இது பொலிஷ் போட்ட வரலாறு. மதிப்புக் குறைந்த சாமான்.

பொலிஷ் போடாததும் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை நூதனசாலை இயந்திரங்களையும் டெய்லரின் கதையையும் சொல்கிறது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, லயத்து வாழ்க்கையையே காட்சிப்பொருளாக வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே வரலாறு, இரண்டு வாசல்.

பரணில் ஏதாவது இருந்தால்

இதைப் படித்துவிட்டு யாரும் பழைய துவக்கு தேடிக் கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1899க்கு முன்பு செய்த துவக்குகளைப் 'புராதனப் பொருள்' என்று சட்டம் தனியாகப் பார்க்கிறது. அதனால்தான் அங்கே அந்தச் சந்தை இவ்வளவு பெரியது. இங்கே கதை வேறு. ரிவோல்வருக்கு அனுமதி பாதுகாப்பு அமைச்சிடமிருந்து வர வேண்டும். 2024 கடைசியில், தற்காப்புக்கென்று அனுமதி பெற்ற துவக்குகளையே மீளாய்வுக்காகக் கையளிக்கச் சொன்னது அரசாங்கம். பழசு, துருப்பிடித்தது, தாத்தாவுக்குத் தொரை கொடுத்தது என்பதெல்லாம் பொலிஸில் எடுபடாது. இடியனோ கட்டுத்துவக்கோ கண்ணில் பட்டால் தொடாமல், ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு முறையாக ஒப்படைப்பதுதான் புத்தி. காட்டுப்பன்றிக்குக் கட்டிய துவக்கில் மாட்டிச் செத்தது பன்றி மட்டுமல்ல என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் பரணில் வேறு சாமான் இருக்கும். பேர் அட்டை, பழைய சம்பளத் துண்டு, இந்தியக் கடவுச்சீட்டு, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்து விண்ணப்பம், தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம், தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி, தப்பு, அப்புறம் ஒருவேளை அந்தத் தகர வில்லை. இவற்றைத்தான் சேகரிக்க வேண்டும். ரிவோல்வர்காரர் செய்கிற மாதிரியே செய்யுங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்று திகதி போட்டு எழுதி வையுங்கள். வீட்டில் இருக்கிற அப்பாயியோ தாத்தாவோ பேசும்போது போனில் பதிவு செய்யுங்கள். கோவிந்தன் பெயரையும் லெட்சுமணன் பெயரையும் கேள்விப்பட்டிருக்கிறாங்களா, அன்றைக்குத் தோட்டத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.

முல்லோயாவில் சுட்ட துவக்குக்கு அரசாங்க ஏட்டில் ஓர் எண் இருந்திருக்கும். அந்தக் காலத்து வேவெஸ்ஸவைப் பார்த்தவர்கள் இன்று யாரும் மிச்சமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1977இல் டெவனில் நின்றவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அறுபது, எழுபது வயது. அவர்களிடம் போவதற்கு அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. இந்த வருஷமே போய்விடுங்கள்.